நாலாவது கியர்

ரமேஷ்பாபு எங்கே போனாலும் கையில் ஒரு பட்டியலோடு போகிறவர். அன்றும் மழையோடு மழையாக வந்து, குடையை வாசலில் சாய்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மகாவின் வேலைமேசையில் விரித்தார்.

“உள்ளதிலேயே பலமானது எதுவோ அதைப் போடு மகா. பிஸ்டன், ராடு, கிராங்க், போல்ட்டு, ஒண்ணுலயும் குறை வைக்க வேண்டாம். இந்தத் தடவை எஞ்சின் பொட்டிச் சிதறக்கூடாது, கேட்டியா?”

பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் விற்கும் பழைய மண்டிக்காரக் குடும்பம் அவருடையது. ஐம்பது வயதுவரை ஒழுங்காக இருந்த மனிதருக்கு அதற்கப்புறம் கார்ப்பந்தயப் பைத்தியம் பிடித்தது. அவருடைய பந்தயக் காரைப் பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்குள் முந்நூற்றைம்பது குதிரைத்திறன் வேண்டும் என்பது அவருடைய ஆசை. நேரான தடம், கால் மைல் தூரம், பதினொரு விநாடி. அதற்கு ஒரு வருஷ உழைப்பும், வீட்டில் ஒரு வருஷச் சண்டையும்.

எஞ்சினைப் பூட்டுகிறவள் மகா. மட்டாஞ்சேரியில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற பெண்பிள்ளை என்றால் அவள் ஒருத்திதான். தேனிப் பக்கம் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, சங்கிலிப்பாண்டியைக் கட்டிக்கொண்டு பள்ளுருத்திக்கு வந்தவள். புருஷன் கட்டட வேலைக்கு ஆள் பிடித்து நடத்துகிறான். அவள் ஒரு பழைய சரக்குக் கிடங்கில் பாதியை வாடகைக்குப் பிடித்து படகு எஞ்சின், ஜீப் எஞ்சின் என்று தொடங்கி, பதினாறு வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்திருந்தாள். ஆரம்பத்தில் வாசலில் நின்று “சேட்டன் இல்லியா?” என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குக் கணக்கே கிடையாது. இப்போது கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கேயும் போய்விடவில்லை, சந்தர்ப்பம் வந்தால் திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“பிஸ்டன்ல ரெண்டு தினுசு இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு சத்தமில்லாம ஓடும், ஆனா உள்ளே அடி விழுந்தா விண்டுபோகும். இன்னொண்ணு இளகின உலோகம். சூடானா விரியும்னு கொஞ்சம் இடம் விட்டுப் பூட்டணும். காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு சத்தம் போடும். ஆனா அடி தாங்கும்.”

“சத்தம் போட்டா கேக்கறவன் எஞ்சின் கெட்டுப்போச்சும்பானே.”

“கேக்கறவனுக்காகவா போடறோம்?”

சொல்லிவிட்டு மகாவுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஏன் என்று அப்போது அவள் யோசிக்க விரும்பவில்லை.

ரமேஷ்பாபு சத்தம் போடுகிற பிஸ்டனுக்கே டிக் அடித்தார். பிறகு ராடு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற இரும்புக்கை அது. ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு, அமுக்கப்பட்டு, முழு எஞ்சினின் கோபத்தையும் தாங்குவது. போன முறை உடைந்தது அதுதான்.

“ஓட்டறதுக்கும் வேற ஆளு பாத்தாச்சு. அபிராம்னு ஒரு பையன், எஞ்சினியரு, நிதானமான கை. உன் கொழுந்தன்கிட்ட எனக்குக் கோபமில்ல மகா. நல்ல பையன். ஆனா கியரை மாத்திப் போட்டு மூணு லட்சத்து எஞ்சினைச் சிதறடிச்சவன்கிட்ட மறுபடி எப்படிச் சாவியைக் கொடுப்பேன்?”

மகா ஒரு துணியை எடுத்து மேசை ஓரத்தைத் துடைத்தாள்.

“அப்புறம், நீதானே சொல்லுவே, செத்த எஞ்சினைப் பாக்காம புது எஞ்சினுக்குச் சாமான் வாங்கக்கூடாதுன்னு. அந்தச் சாக்கை அவிழ்த்துப் பாத்தியா?”

அது அவளுடைய சட்டம்தான். எந்த எஞ்சின் வந்தாலும் உடைந்ததைத் துடைத்து, மேசையில் பரப்பி, எது முதலில் போனது, எது அதனால் போனது என்று பார்த்த பிறகுதான் புதுச் சாமானுக்கே வாய் திறப்பாள். கும்பளங்கிப் படகுக்காரன் அவசரப்படுத்தினாலும் விடமாட்டாள். ஆனால் ரமேஷ்பாபுவின் எஞ்சின் மட்டும் எட்டு மாதமாக மூலையில் ஒரு சணல் சாக்கில் கட்டிக் கிடந்தது.

“நாளைக்குப் பாத்துடறேன்,” என்றாள்.

---

போன நவம்பரில், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தடத்தில், அன்றைய மூன்றாவது ஓட்டத்தில் அது நடந்தது. ஸ்டியரிங்கில் இருந்தவன் பாண்டியராஜன், சங்கிலிப்பாண்டியின் தம்பி. வாரநாட்களில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டி விமானநிலையத்துக்கும் யூதர் தெருவான ஜூ டவுனுக்கும் வெள்ளைக்காரர்களைச் சுமக்கிறவன், அந்தக் காருக்குள் ஏறிவிட்டால் வேறு ஆளாகிவிடுவான். மூன்றாவது கியரிலிருந்து நாலாவதற்குப் போகிற நேரத்தில் எஞ்சின் வெடித்தது. ராடு உடைந்து, எஞ்சின் கூடான பிளாக்கின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய எண்ணெயில் வண்டி வழுக்கிச் சுவரை உரசி நின்றது. ராஜனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவன் இறங்கியதும் முதலில் சொன்னது, “என்னன்னே தெரியல அண்ணி.” மகா அதைக் காதால் கேட்டாள்.

கூடியிருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலுக்குப் பதில் ரெண்டில் போட்டுவிட்டான், அந்த வேகத்தில் ரெண்டில் விழுந்தால் எஞ்சின் தாறுமாறாகச் சுழலும், எந்த ராடும் தாங்காது. ஓட்டத்தைப் பதிவு செய்கிற கருவி எதுவும் அந்த வண்டியில் இல்லை. ஆகவே வாய் இருந்தவன் எல்லாம் சாட்சி. சாயங்காலம் சாயாக்கடையில் ராஜன், “அப்படித்தான் இருக்கும்போல,” என்றான். அடுத்த வாரம், “ஆமா, ரெண்டுலதான் போட்டுட்டேன்,” என்றான். ஒரு மாதத்தில் ஹெல்மெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டான். எல்லாம் அவள் கண்ணெதிரேதான் நடந்தது.

அவளுக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. அதை இப்படித்தான் சொல்லவேண்டும், வேறு வார்த்தை இல்லை. சாக்கைக் கட்டி மூலையில் போட்டவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நேரமில்லாதவள் அந்த எட்டு மாதத்தில் பதினோரு படகு எஞ்சினைப் பிரித்து மேய்ந்திருந்தாள்.

---

மறுநாள் காலையில் கதவைப் பாதி சாத்திவிட்டுச் சாக்கை அவிழ்த்தாள். டீசலில் கழுவி, துணியில் துடைத்து, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். முழு ராடு மூன்று. உடைந்த ராடு ஒன்று, இரண்டு துண்டாக. நல்ல நிலையில் மூன்று பிஸ்டன், நாலாவது அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போயிருந்தது.

முதலில் பிஸ்டன் தலைகளைப் பார்த்தாள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்றால் வால்வுகள் நேரத்துக்கு மூட முடியாமல் பிஸ்டன் தலையில் போய் முட்டும். முட்டினால் பிறை வடிவத்தில் தழும்பு விழும். ஒன்றில் விழுந்தால் எல்லாவற்றிலும் விழும். அவள் விரலால் தடவினாள், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். மூன்றிலும் கரி இருந்தது, தழும்பு இல்லை.

பிறகு ராடு போல்ட்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்தாள். பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் நோட்டில் எழுதுவது அவள் வழக்கம். தாறுமாறாகச் சுழன்றிருந்தால் அவை இழுபட்டு நீண்டிருக்க வேண்டும். முழு ராடு மூன்றின் ஆறு போல்ட்டும் நோட்டில் இருந்த அளவிலேயே நின்றன. ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

ராஜன் ரெண்டில் போடவில்லை.

உடைந்த ராடை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து, உடைந்த முகத்தைப் பார்த்தாள். பாதி முகம் உடைத்த வெல்லம் மாதிரி கரடுமுரடாக இருந்தது. அது கடைசி நொடியில் பிய்ந்த பகுதி. மறுபாதி வழவழப்பாக, காயலில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் விட்டுப்போகும் கோடுகள் மாதிரி, வளைவு வளைவாக இருந்தது. விரிசல் ஒரே நாளில் வரவில்லை. செப்டம்பரில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு கோடு முன்னேறியிருக்கிறது. அந்தக் கோடுகள் எல்லாம் விளிம்பில் ஒரே இடத்திலிருந்து கிளம்பின. அந்த இடத்தில் ஊசிமுனையளவு ஒரு கரும்புள்ளி. அதைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக உப்புத்தாள் தேய்த்த கீறல்கள்.

அந்தக் கீறல்களைப் போட்டது யார் கை என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ராடுகள் வந்தது அதற்கு முந்தைய கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், இதே போன்ற மழையில். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நாலும் தனித்தனியாக. அவ்வளவு நல்ல இரும்பை அதற்குமுன் அவள் கையில் வாங்கியதில்லை. பூட்டுகிற நாள்வரை பிரிக்கவே கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மட்டாஞ்சேரிக் காற்றில் உப்பு உண்டு, கைவியர்வையிலும் உப்பு உண்டு, இந்த மாதிரி இரும்புக்கு இரண்டும் ஆகாது. தெரிந்துதான் பிரித்தாள். எண்ணெயைத் துடைத்துப் பளபளவென்று மேசையில் வரிசையாக வைத்தாள். புதுசாகப் பிறந்த குழந்தையைக் கைமாற்றுவதுபோல அவை கைக்குக் கை போயின. ரமேஷ்பாபு ஏந்திப் பார்த்தார். பக்கத்துப் பழம்பொருள் கடை ஷபானா வந்து, “அய்யோ, எந்து பாரம்!” என்றாள். ராஜன் இரண்டு கையிலும் இரண்டைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். ‘சேட்டன் இல்லியா’ என்று ஒரு காலத்தில் கேட்ட ஆட்களும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவள்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

பிளாக் வர இரண்டு நாள் தாமதமாயிற்று. மூன்றாம் நாள் காலை ஒரு ராடின் நடுவில் பழுப்புத் துருவாக ஒரு கட்டைவிரல் அடையாளம். வரிவரியாகத் தெரிந்தது. அவள் உப்புத்தாளை எடுத்து நாலு தேய் தேய்த்தாள். போய்விட்டது. எண்ணெய் தடவிப் பூட்டிவிட்டாள். சாதாரண ராடாக இருந்தால் அந்தப் புள்ளியையும் கீறலையும் பொறுத்துக்கொண்டு பத்து வருஷம் ஓடியிருக்கும். பலமான இரும்பு அப்படியில்லை. பலம் கூடக்கூட, சின்னக் கீறலைப் பொறுக்கிற குணம் அதற்குக் குறைந்துகொண்டே போகிறது. அதையும் அவள் படித்திருந்தாள்.

வெடித்த அன்று அவளுக்கு முதலில் நினைவு வந்தது அந்தக் கட்டைவிரல்தான். அதனால்தான் சாக்கைக் கட்டினாள்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. சாக்கை மறுபடி கட்டிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. ராடு உடைந்தது, இன்னும் பலமான ராடு வாங்குவோம், அபிராம் ஓட்டட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ராஜன்கூட இப்போதெல்லாம் சிரித்துப் பேசுகிறான். சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். பஜார் ரோடு முழுக்க ஒரே நாளில் பரவும். ‘பொம்பளை பூட்டின எஞ்சின், அப்படித்தான் இருக்கும்’ என்பான் ஒருவன். பதினாறு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல விடாமல் வாயைக் கட்டி வைத்திருந்தாள். இப்போது அவளே அவிழ்த்துவிட வேண்டும். அவளுக்குப் பயமாக இருந்தது. தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

---

நாலு மணிக்கு ராஜன் வழக்கம்போல வேனை முடுக்கில் நிறுத்திவிட்டு சாயா குடிக்க வந்தான். எட்டு மாதமாக வாசற்படியிலேயே உட்கார்ந்துதான் குடிப்பான், மேசைப் பக்கம் வருவதில்லை. அன்று மேசையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்து நிமிஷத்தில் ரமேஷ்பாபுவும் வந்தார். ராஜனைப் பார்த்ததும் இருவருக்கும் கொஞ்சம் சங்கடம். “சுகம்தானேடா?” என்றார். “சுகம் அண்ணாச்சி,” என்று அவன் எழுந்து நின்றான்.

ரமேஷ்பாபு மேசைக்கு வந்து உடைந்த ராடைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “பாத்துட்டியா? ரெண்டுல போட்டதுதானே? நான் சொன்னது சரிதானே?”

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

“இல்ல அண்ணாச்சி,” என்றாள் மகா. “கியர் சரியாத்தான் விழுந்திருக்கு. இவன்மேல தப்பே இல்ல. தப்பு என்னுது.”

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தாள். பிஸ்டன் தலைகளைக் காட்டினாள், நோட்டையும் போல்ட்டையும் காட்டினாள், பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துக் கரும்புள்ளியைக் காட்டினாள். காகிதத்தைப் பிரித்ததையும், எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்ததையும், துருவான கட்டைவிரல் அடையாளத்தையும், உப்புத்தாளையும் சொன்னாள்.

ரமேஷ்பாபு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “நானும் தொட்டேனே. என் கையா இருந்தா?”

“யாரு கையா இருந்தா என்ன? தொடக் கொடுத்தது நான். துரு வந்ததைப் பாத்ததும் நான். பாத்துட்டு மறைச்சுப் பூட்டினது நான்.”

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“சந்தேகம் இருந்துச்சு. பாக்காம இருந்துட்டேன்.”

அவர் கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார். அவருடைய கழுத்து சிவந்துபோயிருந்தது. பட்டியலை எடுத்து, இருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் போட்டார். “உடைஞ்சதுக்குக்கூட எனக்கு வருத்தம் இல்ல மகா. எட்டு மாசம் இந்தப் பயலை ஊரு முழுக்க நான் ஏசினேனே, அதைக் கேட்டுக்கிட்டு நின்னியே.” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “எஞ்சினை எங்க கொடுக்கறதுன்னு நான் ஆலோசிக்கட்டும்.”

“சரி அண்ணாச்சி.”

வாசலில் குடையை விரித்தவர் ராஜன் பக்கம் திரும்பினார். “யாரு பூட்டினாலும் ஓட்டறது நீதான்டா. நான் அபிராம்கிட்ட பேசிக்கறேன்.” அவன் பதில் சொல்வதற்குள் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ராஜன் கையிலிருந்த சாயா ஆறிப்போயிருந்தது. அவன் அதைப் படியில் வைத்தான். கத்துவான் என்று மகா காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு அண்ணி,” என்றான். “ரெண்டுல போட்டது. கை இடதுபக்கம் வழுக்கினது, லிவர் உள்ளே விழுந்தது, ‘ஐயோ’ன்னு நெனச்சது, எல்லாம். தெனமும் வேன் ஓட்டறப்போ மூணுல இருந்து நாலுக்குப் போறப்பல்லாம் வருது. ஏர்போர்ட் ரோட்டுல மூணுலயே எவ்வளவு தூரம் போவேன் தெரியுமா? பின்னாடி வண்டி ஹார்ன் அடிக்கும்.”

இவன் பந்தயத்தை மட்டும்தான் விட்டான் என்று மகா இதுவரை நினைத்திருந்தாள். கொழுந்தனின் மூளைக்குள் நடக்காத ஒன்று நடந்ததாகக் குடியேறியிருக்கிறது. ஊர் சொன்னது, அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவன் நம்பினான்.

“அது நடக்கவே இல்ல ராஜன்,” என்றாள். “நாங்க எல்லாரும் சேர்ந்து உன் தலைக்குள்ள போட்டது. எனக்குத் தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். என்னை என்ன வேணாச் சொல்லு.”

அவன் எட்டு மாதத்தில் முதல் தடவையாக மேசையருகே வந்தான். ராடைத் தொடப்போய், கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“தொடு. இனி அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

அவன் தொடவில்லை. மூன்று பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தலையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். பிறகு கீழே வைத்துவிட்டு, அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தான். வலதுகை தானாக ஸ்டியரிங் பிடிக்கிற உயரத்துக்குப் போயிற்று. இடதுகை பக்கவாட்டில், இல்லாத லிவரின் தலையைப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டான். கை முன்னால் தள்ளி மூன்றில் நின்றது. அங்கேயே நின்றது. மணிக்கட்டு ரெண்டு இருக்கிற இடதுபக்கம் சாய்ந்தது.

பிறகு அது நிமிர்ந்து, நேராகக் கீழே இறங்கியது.

“நாலு,” என்றான் ராஜன். கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. “நாலுலதான் போட்டிருக்கேன் அண்ணி.”